காரின் எரிபொருள் அமைப்பை எப்போது சுத்தம் செய்ய வேண்டும்? ஓடிய தூரம் சொல்லாததை இன்ஜின் சொல்லும்

காரை சர்வீசுக்கு விட்ட அன்று மதியம் இப்படி ஒரு அழைப்பு வருவது சகஜம்: "வண்டி 40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஃபியூயல் சிஸ்டம் கிளீனிங் செய்துவிடலாமா?" சரி என்றால் பில் கூடும். வேண்டாம் என்றால், நாளைக்கு இன்ஜின் நடுவழியில் நின்றுவிடுமோ என்ற கவலை கூடும். விவரம் தெரியாதபோது பெரும்பாலும் பயம்தான் முடிவெடுக்கிறது.

ஆனால் இதற்கான பதில் ஓடிய தூரத்தில் இல்லை. அழுக்கு சேர்ந்திருக்கிறதா, எந்த இடத்தில் சேர்ந்திருக்கிறது, இவர்கள் செய்யப்போகும் சுத்தம் அந்த இடத்தைத் தொடுமா என்ற மூன்று கேள்விகளில்தான் இருக்கிறது. மூன்றையும் ஊகிக்க வேண்டியதில்லை. இன்றைய கார்களில் பெரும்பாலும் அளந்தே பார்த்துவிடலாம்.

டேங்கிலிருந்து சிலிண்டர் வரை

பெட்ரோல் போகும் பாதை தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

1. டேங்கும் பம்பும்: இப்போதைய கார்களில் பம்ப் பெரும்பாலும் டேங்குக்குள்ளேயே எரிபொருளில் அமிழ்ந்திருக்கும். சுற்றியுள்ள எரிபொருள்தான் அதன் சூட்டைத் தணிக்கிறது. பம்பின் வாயில் மண்ணையும் துருவையும் தடுக்க ஒரு வலை உண்டு.

2. ஃபில்டர்: வலையைத் தாண்டி வரும் பொடி அழுக்கை வடிகட்டுவது. சில கார்களில் தனியாகக் கழற்றி மாற்றலாம். பல புதிய பெட்ரோல் கார்களில் பம்புடன் ஒன்றாகச் சேர்ந்து டேங்குக்குள் இருக்கிறது.

3. ரெயில்: எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே அழுத்தத்தில் எரிபொருளைப் பங்கிடும் குழாய்.

4. இன்ஜெக்டர்: மின்சாரத்தால் திறந்து மூடும் சிறு வால்வு. எரிபொருளை ஒழுகவிடாமல் பனிபோலத் தெளிப்பது இதன் வேலை.

பெட்ரோல் இன்ஜின்களில் இரண்டு வகை உண்டு. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் முடிவுகளில் பல இதைப் பொறுத்தவை. போர்ட் இன்ஜெக்ஷன் வகையில், காற்று உள்ளே நுழையும் வால்வின் முதுகின் மேல் பெட்ரோல் தெளிக்கப்படும். அழுத்தம் 3 முதல் 4 பார்தான் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). நேரடி இன்ஜெக்ஷன் வகையில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படும். அங்கே அழுத்தம் 200 பார் வரை போகும், புதிய இன்ஜின்கள் சிலவற்றில் 350 பார் வரைக்கும் உண்டு.

இன்ஜெக்டரின் வேலை எவ்வளவு நுட்பமானது என்பதைச் சற்று அருகே போய்ப் பார்க்கலாம். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிபொருள் தேவை. அதாவது ஒரு இன்ஜெக்டர் ஒரு நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. வண்டி நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும்போது, ஒவ்வொரு முறையும் அது திறந்திருப்பது சில மில்லிநொடிகள் மட்டுமே. நேரடி இன்ஜெக்டரின் முனையில் உள்ள துளைகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான அகலம் கொண்டவை. அந்தத் துளையின் விளிம்பில் ஒரு மெல்லிய படலம் ஒட்டிக்கொண்டாலே தெளிப்பின் வடிவம் மாறிவிடும். பனியாக விழ வேண்டியது தாரையாக விழும். பெரிய துளிகள் முழுதாக எரிவதில்லை.

நிறுத்திய பிறகு சேரும் அழுக்கு

எரிபொருளில் வரும் மண்ணும் தூசியும்தான் இன்ஜெக்டரை அடைக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதியை ஃபில்டர் பிடித்துவிடுகிறது. இன்ஜெக்டர் முனையில் படிவது எரிபொருளிலிருந்தே பிறக்கும் பிசின்.

போர்ட் இன்ஜெக்டரில் அது உருவாகும் நேரம் வியப்பானது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது குளிர்ந்த பெட்ரோல் தொடர்ந்து பாய்ந்து முனையைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. சூடான இன்ஜினை நிறுத்தியதும் அந்த ஓட்டம் நின்றுவிடுகிறது. குளிர்விக்கும் நீரும் சுற்றுவதில்லை. இன்ஜினின் சூடு மேலேறி இன்ஜெக்டர் முனைக்கு வருகிறது. முனையில் தங்கிய ஒரு சொட்டுப் பெட்ரோலில் லேசான பகுதிகள் ஆவியாகிப் போக, கனமான பகுதிகள் பிசினாகி வெந்து ஒட்டிக்கொள்கின்றன. அடுத்த முறை நிறுத்தும்போது அதன்மேல் இன்னொரு படலம்.

இதனால்தான் கிலோமீட்டர் கணக்கு ஏமாற்றுகிறது. ஒரே மூச்சில் 200 கிலோமீட்டர் ஓடிய காருக்கு அன்று இந்தச் சூட்டு ஊறல் ஒருமுறைதான். அதே 200 கிலோமீட்டரைப் பத்துப் பத்தாக ஓடிய காருக்கு இருபது முறை.

1980களில் போர்ட் இன்ஜெக்ஷன் கார்கள் பரவலானபோது, இந்தப் பிசின் அடைப்பு அமெரிக்காவில் பெரிய புகாராகக் கிளம்பியது. கார்புரேட்டர் காலத்தில் யாருக்கும் உறைக்காத அளவு படிவு, நுண்துளை இன்ஜெக்டரைத் திணறடித்தது. அதன் விளைவாக எரிபொருளிலேயே சுத்திகரிப்பு வேதிப்பொருள் கலக்கும் வழக்கம் வந்தது. 1995 முதல் அந்நாட்டில் எல்லாப் பெட்ரோலிலும் அது கட்டாயமானது. ஆகவே நல்ல எரிபொருளைத் தொடர்ந்து நிரப்பும் காருக்கு, கொஞ்சமாக ஒரு கழுவல் தினமும் நடந்துகொண்டேதான் இருக்கிறது.

நீண்ட நாள் ஓடாமல் நிற்கும் காரின் கதை வேறு. பெட்ரோல் காற்றோடு சேர்ந்து மெல்லக் கெட்டு, டேங்கிலும் குழாயிலும் பிசின் வைக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுக்கும். அளவுக்கு மேல் நீர் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான்.

கணினி கோளாறை மறைக்கும் விதம்

அடைப்பு தொடங்கியதும் ஓட்டுநருக்கு ஏன் தெரிவதில்லை? இன்ஜினின் கணினி அதை ஈடுசெய்துவிடுகிறது.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார், எரிந்து முடிந்த புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளந்து கணினிக்குச் சொல்கிறது. ஆக்சிஜன் மிஞ்சினால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். உடனே கணினி இன்ஜெக்டரைச் சற்றுக் கூடுதல் நேரம் திறக்கிறது. இந்தத் திருத்தத்துக்கு ஃபியூயல் டிரிம் என்று பெயர். நொடிக்கு நொடி மாறுவது குறுகிய கால டிரிம். பல பயணங்களில் கற்றுக்கொண்டு நினைவில் வைத்திருப்பது நீண்ட கால டிரிம். இரண்டும் சதவீதத்தில் காட்டப்படும்.

நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரே ஒரு இன்ஜெக்டர் 20 சதவீதம் அடைத்துவிட்டது. நான்கையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு 5 சதவீதம்தான். நான்கு சிலிண்டரின் புகையும் ஒரே சென்சாரிடம் வருவதால், யாரிடம் குறை என்று கணினிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அது நால்வருக்கும் 5 சதவீதம் கூட்டுகிறது. இப்போது நலமாக இருந்த மூன்று சிலிண்டர்களுக்கும் 5 சதவீதம் மிகை. அடைத்த சிலிண்டருக்கோ இன்னும் 16 சதவீதம் பற்றாக்குறை. மூன்று பேர் தேவைக்கு மேல் உண்ண, ஒருவன் பட்டினி. சென்சாரில் தெரியும் சராசரியோ மிகச் சரியாக இருக்கிறது.

இன்ஜின் நடுங்கத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். நான்கும் ஒரே அளவில் அடைத்திருந்தால் நடுக்கம்கூடத் தெரியாது. டிரிம் எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

அறிகுறிகள்: எதை எவ்வளவு நம்பலாம்

அடைப்புக்குச் சொல்லப்படும் அறிகுறிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொன்றுக்கும் வேறு காரணங்களும் உண்டு.

1. நின்ற இடத்தில் இன்ஜின் நடுங்குவது, மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்று சொல்வது: தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும் கெட்டுப்போன இக்னிஷன் காயிலும் இதே நடுக்கத்தைத் தரும். நடைமுறையில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை அவைதான்.

2. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் திணறிப் பிறகு எழுவது: இன்ஜெக்டர் அடைப்போடு நன்றாகப் பொருந்தும் அறிகுறி. ஆனாலும் காற்றை அளக்கும் சென்சார் அழுக்கானாலும் இப்படி நடக்கும்.

3. மேட்டில் ஏறும்போதும் முந்திச் செல்லும்போதும் மட்டும் இழுவை இல்லாமல் போவது: எரிபொருள் போதிய அளவு வந்துசேரவில்லை. இன்ஜெக்டரைவிட ஃபில்டரையும் பம்பையும் முதலில் பாருங்கள்.

4. சூடான இன்ஜினை நிறுத்தி, கால் மணி நேரம் கழித்து எடுத்தால் நீண்ட நேரம் சுற்றிய பிறகே உயிர்பெறுவது, கூடவே பெட்ரோல் வாடை: இன்ஜெக்டர் மூடாமல் கசிகிறது என்று சந்தேகிக்கலாம்.

5. மைலேஜ் குறைவது: தனியாக இதை மட்டும் வைத்துச் சுத்தம் செய்ய முடிவெடுப்பது தவறு. டயரில் காற்றுக் குறைவு, நெரிசல், ஏசி, ஒட்டிப்பிடிக்கும் பிரேக் என இதற்குக் காரணங்கள் ஏராளம். விளம்பரங்கள் அதிகம் பிடித்துக்கொள்வதும் இந்த அறிகுறியைத்தான், ஏனென்றால் யாருக்கு வேண்டுமானாலும் அது பொருந்தும்.

ஸ்கேனரில் பார்க்க வேண்டிய எண்கள்

பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி எனப்படும், கோளாறைக் கண்டறிய உதவும் சாக்கெட் இருக்கிறது. அதில் சாதாரண ஸ்கேனரைச் செருகினாலே டிரிம் எண்களைப் படிக்கலாம். சுத்தம் செய்யப் பரிந்துரைப்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "டிரிம் எவ்வளவு காட்டுகிறது?" என்பதே.

1. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, நின்ற இடத்தில் ஓடவிட்டுக் குறுகிய கால, நீண்ட கால டிரிம் இரண்டையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பூஜ்யத்துக்கு இருபுறமும் 5 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. 10 வரை பொறுக்கலாம். +10-ஐத் தாண்டினால் இன்ஜினுக்கு எரிபொருள் போதவில்லை என்றோ, கணக்கில் வராத காற்று நுழைகிறது என்றோ பொருள்.

2. அப்படியே 2,500 சுற்றில் பிடித்துப் பாருங்கள். நின்றபோது உயர்ந்திருந்த எண் இப்போது இயல்புக்கு இறங்கினால், எங்கோ ஒரு ரப்பர் குழாயோ கேஸ்கட்டோ காற்றை உறிஞ்சுகிறது. காற்று அதிகம் தேவைப்படும் வேகத்தில் அந்தச் சிறு கசிவு பொருட்டாக இருக்காது, அதனால்தான் எண் இறங்குகிறது. இதற்கு இன்ஜெக்டரைக் கழுவிப் பயனே இல்லை.

3. வேகமும் சுமையும் கூடக்கூட எண்ணும் ஏறினால் எரிபொருள் வரத்தில் தடை இருக்கலாம், அல்லது காற்றளவு சென்சார் குறைத்துச் சொல்லலாம். அந்தச் சென்சாரை அதற்கான திரவத்தால் சுத்தம் செய்து பார்ப்பது சிறு வேலை. பிறகு ரெயிலின் அழுத்தத்தை அளக்க வேண்டும். அழுத்தம் குறைவென்றால் ஃபில்டரோ பம்போ காரணம். சரியாக இருந்தும் எண் உயர்ந்தே நின்றால், அப்போதுதான் இன்ஜெக்டர் அடைப்பு வலுவான சந்தேகமாகிறது.

பி0171, பி0174 என்ற குறியீடுகள் கலவையில் எரிபொருள் குறைவு என்பதைச் சொல்கின்றன. பி0301, பி0302 என வருபவை எந்தச் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்பதைச் சொல்லும், கடைசி இலக்கம் சிலிண்டரின் எண். எந்தக் குறியீடும் "இன்ஜெக்டரைக் கழுவு" என்று சொல்வதில்லை. விளைவை மட்டும் சொல்லும், காரணத்தைத் தேடுவது நம் வேலை.

ஒரே சிலிண்டரில் கோளாறு என்றால் இடம் மாற்றிப் பார்ப்பதைவிடத் தெளிவான சோதனை இல்லை. இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் காயில்தான் குற்றவாளி. போகவில்லையா, பிளக்கை மாற்றிப் பாருங்கள். அதற்கும் நகராவிட்டால் இன்ஜெக்டரை மாற்றிப் பாருங்கள். போர்ட் இன்ஜெக்டரில் இது எளிது. நேரடி இன்ஜெக்டரையும் டீசல் இன்ஜெக்டரையும் கழற்றினால் முனையில் கசிவைத் தடுக்கும் சீல்களைப் புதிதாகப் போட வேண்டும். பல டீசல் இன்ஜின்களில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் திருத்தக் குறியீட்டையும் கணினியில் மீண்டும் பதிய வேண்டும். அங்கே இந்தச் சோதனையை விளையாட்டாகச் செய்யக்கூடாது.

எந்தச் சுத்தம் எந்த அழுக்கைத் தொடும்

'ஃபியூயல் சிஸ்டம் கிளீனிங்' என்ற ஒரே பெயரில் குறைந்தது நான்கு வெவ்வேறு வேலைகள் விற்கப்படுகின்றன. பெரும் ஏமாற்றங்கள் இங்கேதான் பிறக்கின்றன.

டேங்கில் ஊற்றும் திரவம் மிக எளியது. பாலிஈதர் அமீன் அடங்கியவை இன்ஜெக்டர் முனையிலும் எரியும் அறையிலும் உள்ள படிவைக் கரைப்பதில் பெயர்பெற்றவை. இளம் அடைப்புக்கு, நெடுஞ்சாலையில் ஒரு முழு டேங்க் ஓட்டி முடிக்கும்போது பலன் தெரியும். முற்றிய அடைப்புக்குப் போதாது. குப்பியில் சொன்ன அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். திரவத்தில் ஒரு பகுதி இன்ஜின் ஆயிலிலும் கலப்பதால், ஆயில் மாற்றும் நாள் நெருங்கும்போது ஊற்றுவது நல்ல பழக்கம்.

அடுத்தது, பம்பை நிறுத்திவிட்டு, ரெயிலில் ஒரு குடுவையை இணைத்து, சுத்திகரிப்புத் திரவத்திலேயே இன்ஜினைச் சிறிது நேரம் ஓட்டுவது. திரவம் அடர்த்தியாக இருப்பதால் வீரியம் அதிகம். ஆனால் இது ரெயிலில் தொடங்குவதால் டேங்கையும் பம்பையும் ஃபில்டரையும் தொடுவதே இல்லை. "முழு எரிபொருள் அமைப்பும் சுத்தம்" என்று ரசீதில் எழுதினாலும் உண்மை இதுதான்.

மூன்றாவது, காற்று வரும் வழியாகத் திரவத்தைத் தெளிப்பது. இதைப் புரிந்துகொள்ள முன்பு சொன்ன இருவகை வேறுபாட்டுக்குத் திரும்ப வேண்டும். போர்ட் இன்ஜெக்ஷனில் பெட்ரோல் வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டே போகிறது. நேரடி இன்ஜெக்ஷனில் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட அந்த முதுகின் மேல் விழுவதில்லை. ஆயில் ஆவி மட்டும் வந்து படிந்து, வெந்து, கரியாக இறுகுகிறது. ஆகவே நேரடி இன்ஜெக்ஷன் காரின் டேங்கில் எவ்வளவு உயர்ந்த திரவத்தை ஊற்றினாலும் வால்வுக் கரி கரையாது. திரவம் அந்த இடத்துக்குப் போவதே இல்லை. தெளிப்பு முறை இளகிய படிவைக் கொஞ்சம் குறைக்கும், இறுகியதை எடுக்காது. டர்போ உள்ள இன்ஜின்களில் பெயர்ந்த கரித்துண்டு டர்போவுக்குள் போகும் அபாயமும் உண்டு. சில தயாரிப்பாளர்கள் இதைச் செய்யவே வேண்டாம் என்கிறார்கள். இறுகிய கரிக்கு, உட்காற்றுக் குழாய்த் தொகுதியைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளை அழுத்தக் காற்றில் அடித்து எடுப்பதுதான் நம்பகமான வழி. சில நிறுவனங்கள் ஒரே இன்ஜினில் இருவகை இன்ஜெக்டரையும் வைப்பதற்கு இந்தக் கரியும் ஒரு காரணம்.

நான்காவது, இன்ஜெக்டர்களைக் கழற்றி, அல்ட்ராசோனிக் தொட்டியில், அதாவது காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வால் அழுக்கைப் பெயர்க்கும் திரவத் தொட்டியில், இட்டுச் சுத்தம் செய்வது. எனக்கு மிகவும் நேர்மையாகப் படுவது இந்த முறைதான், ஏனென்றால் இதில் கழுவுவதற்கு முன்னும் பின்னும் அளவு எடுக்கிறார்கள். ஒரே நேரம் திறந்துவைத்து, ஒவ்வொரு இன்ஜெக்டரும் கண்ணாடிக் குழாயில் எவ்வளவு ஊற்றுகிறது என்பதை நேரில் பார்க்கலாம். நான்கு குழாயிலும் மட்டம் ஏறக்குறைய ஒன்றாக, 5 சதவீத வேறுபாட்டுக்குள் இருக்க வேண்டும். தெளிப்பின் வடிவமும் சொட்டுக் கசிவும் அங்கேயே தெரிந்துவிடும்.

டீசல் காருக்குத் தனிக் கணக்கு

எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்த ரெயிலிலிருந்து டீசல் போகும் 'காமன் ரெயில்' இன்ஜின்களில் அழுத்தம் 2,000 பார் அளவுக்கும் போகும். அங்கே பெரிய எதிரி நீர். நீர் தங்கிய டேங்கில் நீரும் டீசலும் சந்திக்கும் பரப்பில் நுண்ணுயிர் வளர்ந்து, வழுவழுப்பான கசடு ஃபில்டரை அடைக்கும். ஃபில்டரை மாற்றிய சில நாட்களிலேயே மீண்டும் அடைத்தால், கழுவ வேண்டியது டேங்கை. ஃபில்டரின் அடியில் நீர் வடிக்கும் திருகு இருந்தால் கையேடு சொன்ன இடைவெளியில் வடித்துவிடுங்கள்.

டீசல் காரில் தவறிப் பெட்ரோல் நிரப்பிவிட்டால் சாவியையே திருப்பாதீர்கள். டீசல்தான் அந்த உயர் அழுத்தப் பம்புக்கு வழவழப்பைத் தருவது. பெட்ரோல் கலந்தால் உலோகம் உலோகத்தோடு உரசி, இரும்புத் தூள் அமைப்பு முழுதும் பரவும். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே டேங்கைக் காலி செய்துவிட்டால் பெரும் சேதம் தவிர்க்கப்படும்.

கையேடு என்ன சொல்கிறது

பெரும்பாலான கார்களின் பராமரிப்பு அட்டவணையில் ஃபில்டர் மாற்றும் இடைவெளி இருக்கும். இன்ஜெக்டர் கழுவுவதற்கு இடைவெளி இருக்காது. சில நிறுவனங்கள் மட்டும், தரமான சுத்திகரிப்புப் பொருள் கலந்த பெட்ரோல் கிடைக்காவிட்டால் இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை டேங்கில் திரவம் ஊற்றச் சொல்கின்றன. உங்கள் கையேட்டில் இருப்பதே விதி. அதில் இல்லாத, எந்த அளவீடும் துணைநிற்காத பரிந்துரையை மறுப்பதால் வாரண்டிக்கு ஒன்றும் ஆகாது.

சுத்தம் செய்த பிறகு

சுத்தம் செய்தால், அதற்கு முன் இருந்த டிரிம் எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கணினியின் பழைய திருத்தத்தை அழித்துவிட்டு, நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் பலவித வேகத்தில் ஓட்டிய பிறகு மீண்டும் படியுங்கள். 14 காட்டியது 4-க்கு வந்திருந்தால் கொடுத்த காசுக்கு வேலை நடந்திருக்கிறது. அதே 14-ல் நின்றால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. இன்னொரு முறை கழுவ ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கசியும் இன்ஜெக்டரை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அடைத்த இன்ஜெக்டர் மைலேஜைத் தின்னும், கசிவது இன்ஜினையே தின்னும். மூடாத முனையிலிருந்து வடியும் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஆயில் தொட்டியில் கலக்கிறது. ஆயில் அளவுக் கம்பியை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் நெடி அடித்தாலோ, போன மாதத்தைவிட ஆயில் மட்டம் உயர்ந்திருந்தாலோ வண்டியை ஓட்டாமல் நிறுத்திவையுங்கள். இன்ஜெக்டருக்குள் திறந்து மூடும் ஊசி உட்காரும் இடத்தில் படிந்த பிசின்தான் காரணமென்றால் கழற்றிக் கழுவினால் சரியாகும். உலோகம் தேய்ந்திருந்தால் புதிய இன்ஜெக்டர்தான் போட வேண்டும். இரண்டில் எதுவானாலும், அந்த ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் அன்றே மாற்றிவிட வேண்டும்.